நட்சத்திரம் இல்லாத பெயர்

பன்னிரண்டாம் வகுப்பில் நான் வகுப்புத் தலைவி. வல்லம் வடகாலுக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி, முப்பத்தொரு பெண்கள். பொதுத்தேர்வுக்கு முன் எல்லோருடைய ஹால் டிக்கெட்டையும் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் வைத்து அர்ச்சனை செய்வது எங்கள் பள்ளியின் வழக்கம். அதை உத்தரவு என்று யாரும் சொன்னதில்லை. வகுப்பாசிரியை மொத்தக் கட்டையும் என்னிடம் தந்து, "பேரு, நட்சத்திரம் எழுதிக்கினு போ, குருக்கள் கேப்பாரு" என்றார்.

வரிசை எண், பெயர், நட்சத்திரம் என்று கோடு போட்டேன். இன்று தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் படிவம் நிரப்பும்போதும் காலிக் கட்டம் ஒன்றைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. அன்று காலியாக இருந்தது ஒன்றே ஒன்று. என் பெஞ்சுத் தோழி, கிறிஸ்தவப் பெண்.

"நட்சத்திரம் சொல்லுடி."

"எனக்கு ஏதுடி அதெல்லாம்? என்னுது வேணாம், தனியா வச்சிடு."

பின்னாலிருந்து ஒருத்தி, "ஏன், முருகரு உன்னுத மட்டும் கடிச்சிடுவாரா?" என்றாள். வகுப்பே சிரித்தது. தோழியும் சிரித்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "உன்னுதும் போவுதான்னு எங்கம்மா கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன்டி."

சரி என்றேன்.

அரசுப் பள்ளியில் எவரையும் வழிபாட்டுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நாங்கள் இருவருமே பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். நான் செய்யப்போவது கட்டாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. போவது காகிதம்தான், அவள் இல்லை. தவிர, அவளுடையது மட்டும் போகாமல் அவளுக்கு மட்டும் மதிப்பெண் குறைந்துவிட்டால்? அந்தப் பயம் நிஜமாகவே இருந்தது. காலிக் கட்டத்தில் முருகனின் நட்சத்திரமான கிருத்திகையை எழுதினேன். குருக்கள் அவள் பெயரையும் சேர்த்துப் படித்தார்.

மறுநாள் ஹால் டிக்கெட்டுகளைக் கொடுத்தேன். அவளுடையதிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

"என் பேர அங்க சொன்னாங்களா?"

"ம்."

"யார்டி குடுத்தது?"

"நான்தான். நல்லதுக்குத்தான்டி."

"எங்கம்மா கிட்ட நான் இன்னான்னு சொல்றது?"

ஈரக் கைக்குட்டையால் துடைத்தாள். குங்குமம் போகவில்லை, பதிவெண் மேலேயே சிவப்பாக இழுபட்டது. மை கலங்கி, எண் படிக்க முடியாமல் போயிற்று.

வேறு வழியின்றி இருவரும் தலைமை ஆசிரியையிடம் போனோம். அவர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சாமி குங்குமத்த இப்படியாம்மா தேய்ப்ப? கவனக்குறைவால பாழாயிடுச்சின்னு லெட்டர் எழுது. வேற பிரிண்ட் எடுத்துத் தர்றேன்."

அவள் என்னைப் பார்த்தாள். 'அவள் வேண்டாம் என்றாள் மிஸ், நான்தான் கொண்டுபோனேன்.' சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சொன்னால் பட்டியலைக் கேட்பார்கள், வகுப்பாசிரியையைக் கூப்பிடுவார்கள், நான் பொய்யாக எழுதியது தெரிந்துவிடும். சுவரில் இருந்த கால அட்டவணையைப் படித்துக்கொண்டு நின்றேன்.

அவள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினாள். முடித்ததும் காகிதத்தை என் பக்கம் திருப்பினாள்.

"'என் கவனக்குறைவால்'னு போட்டுருக்கேன். சரியாகீதா பாரு."

தலைமை ஆசிரியை, "லீடரும் கீழ ஒரு கையெழுத்து போடும்மா" என்றார்.

போட்டேன்.