முருகனுக்குப் போஸ்ட்கோட் வேண்டாம்

லண்டனில், பிளேஸ்டோவில் நாங்கள் இருந்த வீட்டில் கம்ப்யூட்டரும் சாமிப்படங்களும் ஒரே அறையில்தான் இருந்தன. வேறு இடமில்லை என்பது ஒரு காரணம். முருகன் பார்த்துக்கொண்டிருந்தால் மகள் இன்டர்நெட்டில் கண்டதையும் பார்க்கமாட்டாள் என்று நான் நம்பியது இன்னொரு காரணம். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

ஒருநாள் பின்னேரம் அவளுடைய பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். இணையத்தில் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி. கணவருக்கு ஷிப்ட் இருந்ததால் நான் தனியாகப் போனேன். டீச்சரின் இங்கிலீஷில் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. அந்தப் பாதியே போதுமாயிருந்தது. முழுப்பெயர், பிறந்த தேதி, விலாசம், பள்ளிக்கூடம், படம் எதையும் அங்கே போடக்கூடாதாம். போட்டால் ஈரச் சீமெந்தில் மிதித்த கால்தடம்போல அப்படியே கிடக்குமாம். முன்பின் தெரியாதவன் அதைப் பார்த்துக்கொண்டு வாசலுக்கே வரலாமாம். தந்த துண்டுப் பிரசுரத்தைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி, "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

மகள் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தாள். அவளுடைய உயிர்த்தோழி குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்ட பிறகு, இருவரும் அதில்தான் நாள்தோறும் கதைத்தார்கள்.

"இண்டைக்கே அதை மூடு" என்றேன், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

"அம்மா! அவளோட கதைக்க எனக்கு அது மட்டும்தானே இருக்கு."

"ஃபோன் கார்ட் வாங்கித் தாறன்."

"வாங்குவீங்கள். பிறகு முழு நேரமும் நீங்களும் அவளின்ரை அம்மாவும்தான் கதைப்பீங்கள்."

அது பொய்யில்லை. அவளுடைய கண் கலங்கிவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பந்தயம் வைத்தாள்.

"என்ரை பேரை அடிச்சுத் தேடுவம். நான் போட்டது ஏதும் வந்தா இப்பவே மூடுறன். வராட்டி நான் வைச்சிருப்பன். முருகனுக்கு முன்னால ஓம் எண்டு சொல்லுங்கோ."

நான் முருகன் படத்து விளக்கைப் பார்த்து "ஓம்" என்று சம்மதித்தேன்.

முழுப்பெயரையும் அடித்தாள். ஒன்றே ஒன்று வந்தது. எங்கள் கோயிலின் இணையப்பக்கம்.

முந்தின வருடம் அவளுடைய பிறந்தநாளுக்கு நான் காசு கட்டிச் செய்வித்த பூசை உபயத்தின் அறிவித்தல் அது. படத்தில், வீட்டு வாசலில், கதவு நம்பர் தெரிய, யூனிபோர்மோடு அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். கீழே முழுப்பெயர், பிறந்த தேதி, விலாசம், போஸ்ட்கோட், ஃபோன் நம்பர், பள்ளிக்கூடம். எல்லாம் நான் கொடுத்ததுதான். உபயப் படிவத்தில் ஒரு கட்டத்தையும் விடாமல், முத்து முத்தாக எழுதியிருந்தேன். ஆசீர்வாதம் வேறு பிள்ளைக்குப் போய்விடக்கூடாது என்ற பயம். பள்ளிக்கூடத்துக்குக் கட்டமே இருக்கவில்லை. அதைப் பின்பக்கத்தில் எழுதினேன்.

"அம்மா, நட்சத்திரமும் போட்டிருக்கு" என்றாள் மகள். "வாற கள்ளன் என்ரை சாதகத்தையும் பாத்திட்டு, நல்ல நேரத்தில வருவான்."

சிரிப்பை அடக்க ஏலாமல் கதிரையில் சாய்ந்துவிட்டாள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பிறகு தன்னுடைய பக்கத்தைத் திறந்து காட்டினாள். அதில் பெயரில்லை, ஒரு பட்டப்பெயர்தான். முகம் இருக்கவேண்டிய இடத்தில் அவள் வரைந்த பூனை. தோழிகளைத் தவிர வேறு யாரும் பார்க்க ஏலாதபடி பூட்டியும் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். இணையப்பக்கத்தை நடத்தும் அண்ணையிடம் அதை எடுத்துவிடச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

"தங்கச்சி, சனம் பேர் வரேல்லை எண்டுதான் என்னோட சண்டைக்கு வாறது. எடுக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கள்தான்."

"முருகனுக்கு எங்கடை வீடு தெரியும் அண்ணை. போஸ்ட்கோட் வேண்டாம்."

"அது முருகனுக்கில்லை, வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு!"

அப்போது மகள் மெல்லச் சொன்னாள்: "அங்கிள், உங்கட பேத்தியின்ரை பேரை ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ."

அவர் அலுவலக அறையில் இருந்த கம்ப்யூட்டரில் அடித்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நாங்கள் பிரசாதம் வாங்கி முடிப்பதற்குள் எல்லாப் பிள்ளைகளின் படமும் விலாசமும் போய்விட்டன.

அங்கே எடுத்தாலும் தேடும்போது வருவது மறையச் சில நாள் பிடிக்கும் என்று மகள் சொன்னாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் தேடுவாள். நான் விளக்கேற்றி வேண்டிக்கொள்வேன். ஒருநாள் திரியை ஏற்றும்போது பின்னால் ஒரே கூச்சல்.

"அம்மா! நான் இல்லை! நான் எங்கயும் இல்லை!"

"ஐயோ, விளக்கு வைக்கிற நேரத்தில அப்பிடிச் சொல்லாதை பிள்ளை!" என்று அதட்டிவிட்டு, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அடுத்த பிறந்தநாளும் வந்தது. அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்டார். நான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எட்டிக் குனிந்து இரகசியமாகச் சொன்னேன்.

"கேக்கேல்லை அம்மா" என்றார் ஐயர். மறுபடியும் அதைவிட மெதுவாகச் சொன்னேன்.

மகள் என் சேலைத் தலைப்பை இழுத்தாள். "அம்மா, சாமிக்குச் சத்தமாச் சொல்லலாம்."

மண்டபம் அதிரச் சொன்னேன். பின்னால் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியதும், முருகனுக்குப் பக்கத்தில் இருந்து, பூனைப் படம் போட்ட அந்தப் பக்கத்தில், கனடாத் தோழிக்கு மகள் நான் கத்திய கதையைத்தான் முதலில் எழுதினாள்.