மேற்படி என்று எழுதிய வரி

பன்விலப் பக்கத்துப் பாடசாலையில் இரசாயனம் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகும், வருடாந்தப் பொருட் கணக்கெடுப்புக்கு என்னைக் கூப்பிடுவார்கள். கடைசியாகப் போனபோது ஆய்வுகூட அலுமாரியில் நூற்றுப் பதினெட்டுப் போத்தல்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் தூக்கி, லேசாகக் குலுக்கி, மிச்சம் எவ்வளவு என்று பார்த்து எண்ணுவது என் வழக்கம். நாற்பத்தோராவது போத்தலுக்குக் கை நீட்டியபோது, என் இடத்துக்கு வந்திருந்த ஆசிரியை தடுத்தார்.

"சேர், அதத் தொடாதீங்க. பிக்ரிக் அமிலம். காஞ்சு போயிருக்கு."

மஞ்சள் தூள். மூடியின் விளிம்பிலும் பொருக்குத் தட்டியிருந்தது. ஈரம் இல்லாவிட்டால் மூடி உரசினாலே வெடிக்கலாம் என்றார். நான் நம்பவில்லை. அந்த அலுமாரிக்கென்று நானே எழுதிய பாதுகாப்புக் கொப்பியைத் திறந்து காட்டினேன். திண்மப் பொருட்கள் பக்கத்தில் முதல் வரி, 'ஈரம் படாமல் வைக்கவும்.' அதன் கீழே மேற்படி, மேற்படி என்று நாற்பத்திரண்டு வரி. முதல் ஐந்து பொருளைத்தான் புத்தகத்தில் பார்த்தேன். திண்மம் எல்லாம் ஒன்றுதானே என்று மிச்சத்துக்குப் பார்க்கவில்லை.

அவர் கைத்தொலைபேசியில் தேடினார். ஒரு இணையப் பக்கம் தண்ணீர் ஊற்றச் சொன்னது. ஒரு வீடியோவில் ஒருவர் மூடியை மெல்லத் திருகிக் காட்டினார். இரண்டையும் போட்டது யார் என்றே தெரியவில்லை என்று தள்ளிவிட்டு, தயாரித்த கம்பெனியின் பாதுகாப்புத் தரவுத் தாளையும் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தின் அறிவுறுத்தலையும் எடுத்து, திகதி பார்த்து, வரிக்கு வரி ஒப்பிட்டார். நீரில் நனைந்தபடியே வைக்க வேண்டும். காய்ந்துவிட்டால் திறக்கவோ அசைக்கவோ கூடாது. வெடிபொருள் அகற்றுவோரை அழைக்க வேண்டும்.

வாங்கி வந்தபோது அது நனைந்துதான் இருந்தது. பழுதாகிவிடும் என்று திறந்து உலர வைத்தவன் நான். அதன் பிறகு பதினான்கு கணக்கெடுப்பில் குலுக்கியிருக்கிறேன். இரண்டடி தள்ளித்தான் மாணவர் உட்காரும் வாங்கு.

மறுநாள் எங்கள் கணக்கைச் சரிபார்க்கும் குழு வரும், போத்தலைக் கழுவி வைத்துவிடுங்கள் என்றார் பாடசாலை அதிபர்.

"நீங்க எழுதித் தந்தாலும் நான் தொறக்க மாட்டேன், சேர்," என்று அதிபரிடம் சொல்லிவிட்டு, ஆசிரியை அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனார். வெடிபொருள் அகற்றும் படையினர் வந்து, வகுப்புகளை வெளியேற்றி, அதைக் கொண்டுபோனார்கள்.

எனக்கு அதோடு முடியவில்லை. என் கொப்பியை ஆறு பாடசாலைகள் பிரதி எடுத்திருந்தன. அன்று பின்னேரமே ஒவ்வொன்றாக அழைத்தேன். நான்கில் அந்த அமிலம் இல்லை. ஐந்தாவது தெல்தெனியப் பக்கம்.

"இருக்கு சேர்," என்றார் அங்கிருந்த ஆசிரியர். "உங்க கொப்பியில உள்ள மாதிரி நல்லா காய வச்சுத்தான் வச்சிருக்கோம்."

"தொடாதீங்க. அறையப் பூட்டிட்டு பொலிசுக்குச் சொல்லுங்க."

"ஏன் சேர், கொப்பி பிழையா?"

"பிழை. நான் பார்க்காம எழுதினது."

ஆறாவது ஹேவாஹெட்டப் பக்கம். பதினொரு தடவை அழைத்தும் எவரும் எடுக்கவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினேன்.