வெடிக்காத தோக்கு

பயிரைக் காக்க உரிமம் பெற்ற துப்பாக்கியை, உரிமத்தில் குறித்திருக்கும் நிலத்தைத் தாண்டி எடுத்துச் செல்லக் கூடாது. வேலை முடிந்ததும் வெடிமருந்தை நீக்கிக் காலியாக வைக்க வேண்டும். பழுது பார்ப்பதென்றால் அதற்கு உரிமம் பெற்றவர்தான் பார்க்க வேண்டும். மூன்றும் நியாயமான விதிகள். வருவாய்த்துறையில் நாற்காலி தேய உட்கார்ந்து ஓய்வுபெற்ற எனக்கு, தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் குறை சொல்ல எதுவும் தோன்றவில்லை. மூன்றும் ஒரே நாளில் ஒரே வீட்டுக்குள் நுழைந்தால் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை. குழலை எத்தனை வெடிக்கு ஒருமுறை துடைக்க வேண்டும் என்பதையும் எழுதி வைக்கவில்லை. எங்கள் வீட்டுத் தகராறு அதில்தான் தொடங்கியது.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்து வேலந்தாவளத்துக்கு மேற்கே எங்களுக்குக் கடலைக்காடும் தென்னந்தோப்பும் இருந்தன. பன்றிகள் வந்து கடலையைக் கிளறிவிட்டுப் போகும். அதற்காக வாங்கிய தோக்கு அது. துப்பாக்கி என்ற சொல் பாடப்புத்தகத்தில் மட்டும் வரும். மலையாளமும் தமிழும் கலந்து புழங்கிய எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அது தோக்குதான். வாய் வழியாகக் கரிமருந்தைப் போட்டு, மேலே தேங்காய் நார் உருண்டை, அதன்மேல் ஈயக்குண்டு, மறுபடியும் நார் என்று இறக்கி, கம்பியால் கெட்டிக்க வேண்டும். பின்பக்கத்து முனையில் கேப்பு என்னும் சின்னப் பொரிமருந்துத் தொப்பியைச் செருகிக் குதிரையை இழுத்தால் வெடிக்கும். உரிமம் பெரியப்பாவின் பெயரில் இருந்தது. அப்பாவின் பெயர் உதவியாளர் என்று அதில் சேர்க்கப்பட்டிருந்தது. ஒரு வீடு, ஒரு அடுப்பு, ஒரு தோக்கு, இரண்டு அண்ணன் தம்பிகள்.

பெரியப்பா குழலைத் துடைக்கவே மாட்டார். ஆயுத பூசைக்கு ஒருமுறை சந்தனம் வைக்கும் சாக்கில் துணியால் ஒரு இழுப்பு இழுப்பார், அவ்வளவுதான். அப்பா ஒவ்வொரு வெடிக்கும் ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி. நாள் முடிந்ததும் கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணீர், அதற்குமேல் எண்ணெய். வேலிக்கல்லின் மேல் கொட்டாங்குச்சியை வைத்துக் குறி பார்ப்பார்கள். கொட்டாங்குச்சி பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

“கழுவிக் கழுவியே அதோட குறியக் கெடுத்துப்போட்டான். மொத வெடி எங்க போகுது பாரு, கருப்பராயன் கோயலுக்குப் போகுது!” என்பார் பெரியப்பா.

“உள்ளார கரி அப்பிக் கெடக்குதுங்ணா. நாலாவது வெடிக்குக் குண்டே எறங்க மாட்டீங்குது. அப்பறம் குறி எங்கீங்ணா பாக்கறது?”

“குண்டு எறங்குலீன்னா கையில தெம்பில்லீன்னு அர்த்தம்டா தம்பி.”

இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. எண்ணெய் பூசிய குழலில் முதல் வெடி விலகித்தான் போகும். துடைக்காத குழலில் கரி ஏற ஏறக் குண்டின் போக்கு மாறிக்கொண்டே இருக்கும். கரி ஈரத்தை இழுத்துப் பிசினாகிவிடும். ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் குழல் ஒரே நிலையில் இருந்தால்தான் குறி நிலைக்கும். வெடிக்கு ஒருமுறை ஒரே மாதிரி துடைத்து, எண்ணெயை முழுதாக எடுத்துவிட்டுக் கெட்டித்தால் போதும். எங்கள் வீட்டிலோ ஒருநாள் பெரியப்பா, மறுநாள் அப்பா. அண்ணன் கருக்கி வைப்பார், தம்பி கழுவி வைப்பார். அந்தத் தோக்குக்குத் தான் யாருடைய தோக்கு என்றே தெரியாது.

நான் மூன்றாம் வகுப்பில் படித்த ஆண்டு அப்பா பாகம் கேட்டார். அதற்குப் பிறகு வீட்டில் சாப்பாட்டை விடச் சத்தம் அதிகம். ஒருநாள் பெரியப்பா எல்லார் முன்னாலும், “இன்னொருக்காப் பங்குன்னு வாயத் தொறந்தீன்னா, பன்னிக்குக் கெட்டிச்சு வெச்சிருக்கறத உனக்கு வெச்சுப்போடுவேன்” என்றார். எல்லாரும் சிரித்தோம், அப்பாவும்தான். பெரியம்மா மட்டும் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை காட்டோரம் பன்றி வந்திருப்பதாகச் சொன்னார்கள். பெரியப்பா தோக்கை எடுத்தார். பல நாள் துடைக்காத குழல். நார் உருண்டை பாதி வழியில் நின்றுவிட்டது. அவர் கம்பியை வைத்து இடி இடியென்று இடித்து இறக்கினார். கேப்பு வைத்து இழுத்தபோது கேப்பு மட்டும் பட்டென்று பொரிந்தது. இன்னொரு கேப்பு. அதுவும் பொரிந்ததோடு சரி. பன்றி நிதானமாகப் போய்விட்டது. உள்ளே மருந்தும் ஈயமும் இறுகிக் கிடந்தன. எடுக்கவும் வரவில்லை, வெடிக்கவும் இல்லை.

“தொடாதீங்க. உள்ளார தீ கனிஞ்சுட்டு இருந்தாலும் இருக்கும்” என்றார் அப்பா. அன்றுதான் முதன்முறையாகப் பெரியப்பா தம்பி சொன்னதைக் கேட்டார்.

அதை நெல்லறையில் இரண்டு மணல்மூட்டை மேல் படுக்க வைத்தார்கள். வாய் எந்தப் பக்கம் பார்ப்பது என்பதில் அடுத்த சண்டை. வடக்கே சமையலறை. தெற்கே நாங்கள் படுக்கும் அறை. மேற்கே பெரியப்பாவின் அறை. கிழக்குச் சுவருக்கு அப்பால் எருக்குழி மட்டும்தான், ஆனால் பள்ளிக்கூடம் போகும் வழி அதை ஒட்டித்தான் போனது. என்னைத் தவிர வேறு யாரும் அந்த வழியில் போவதில்லை என்பதால் கிழக்கு என்று முடிவானது. நான் குனிந்து ஓடக் கற்றுக்கொண்டேன்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் மறுபடியும் பங்குப் பேச்சு. சத்தம் உச்சத்துக்குப் போனபோது பெரியப்பா சட்டென்று எழுந்து, மாடத்தில் இருந்த கேப்பு டப்பியை எடுத்துக்கொண்டு நெல்லறைக்குள் போனார்.  பெரியம்மா நிலைப்படியில் போய் நின்று, “சோறு ஆறுதுங்க” என்றாள்.  கொஞ்ச நேரம் கழித்து அவர் வெளியே வந்து கை கழுவினார். பன்றிக்காக இன்னொரு கேப்பு வைத்துப் பார்க்கப் போனார் என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாள் காலை ஆண்கள் இருவரும் தோக்கை ஒப்படைப்பது பற்றிக் கேட்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார்கள். நெல்லறைப் பக்கம் போன நான் கதவிடுக்கில் பார்த்தேன். பெரியம்மா தோக்கைச் சுவரோடு நிமிர்த்திப் பிடித்து, ஆவி பறக்கும் தண்ணீரை அதன் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பின்பக்கத்து முனைத் துளையிலும் ஊற்றினாள். தீ இருக்கும் இடத்தில் இன்னும் சூட்டை ஊற்றுகிறாளே, இதோ வெடிக்கப்போகிறது என்று அப்படியே குனிந்துகொண்டேன். அவள் அவசரப்படவில்லை. ஊற்றிவிட்டு வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு முந்தானையால் துடைத்து, மணல்மூட்டையில் பழையபடி படுக்க வைத்துவிட்டுத் திரும்பியபோது என்னைப் பார்த்தாள்.

“நீ ஒண்ணும் பாக்குல அம்மிணி. வாயத் தொறந்தீன்னா அந்தச் சத்தத்துக்கே வெடிச்சுப்போடும்.”

ஸ்டேஷனுக்குப் போனவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். லோடு உள்ள தோக்கு இவிட வைக்கான் பற்றில்லா, கெட்டித்ததை இங்கே வைக்க முடியாது, காலி பண்ணிக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். காலி பண்ண உரிமம் உள்ளவர் பக்கத்தில் என்றால் கோயம்புத்தூரில்தான். கோயம்புத்தூர் அடுத்த மாநிலம். எங்கள் உரிமமோ கடலைக்காட்டு வேலியோடு முடிகிறது. அதனால் அங்கே கொண்டுபோக அனுமதி கேட்டுக் கலெக்டருக்கு ஓர் அபேக்ஷை, அதாவது மனு, எழுதினார்கள். அது வில்லேஜ் ஆபீசுக்கும் தாலுக்காவுக்கும் ஸ்டேஷனுக்கும் அறிக்கை கேட்டுப் போய் வந்தது. யாருமே தாமதிக்கவில்லை; ஒவ்வொருவரும் முறைப்படி அடுத்தவருக்கு அனுப்பினார்கள்.

இதற்கிடையில் பெரியம்மா வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டாள். கல்குவாரியில் வேலை பார்க்கும் அவளுடைய தம்பி சொன்னானாம், பாதியில் நின்ற மருந்துக்கு அதிர்ச்சி ஆகாதாம், சத்தம் போட்டாலே பற்றிக்கொள்ளுமாம். “பேசறவீங்க மெல்லப் பேசுங்க. இல்லீன்னா வாசலத் தாண்டிப் போய்ப் பேசுங்க.” அப்பாவும் பெரியப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள். இருவரும் வெடியைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள். பயம் வந்தபிறகு தெரிந்தது எதற்கும் உதவவில்லை.

எனக்கு அந்த மாதங்கள் நரகம். இருமல் வந்தால் பாவாடையை வாயில் திணித்துக்கொள்வேன். ஒருநாள் அம்மாவின் கையிலிருந்து பித்தளைக் குடம் விழுந்து உருண்டபோது, அது நிற்கும்வரை வீட்டில் யாரும் மூச்சு விடவில்லை. ஐப்பசியில் இடி இடித்த ஒரு சாயங்காலம் நான் நெல்லறையிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய், மாட்டுக்கொட்டகையில் கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேடி வந்த பெரியம்மா என் உடம்பு நடுங்குவதைத் தொட்டுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என் தலையைத் துவட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பாகப்பிரிவினைப் பேச்சு நிற்கவில்லை. ஆனால் ரகசியம் பேசுவது போலப் பேசினார்கள். கத்த முடியாதபோது கணக்கைத்தான் பேச வேண்டியிருக்கிறது. “மேக்கால தோப்ப நீயே எடுத்துக்கடா” என்று பெரியப்பா முணுமுணுத்ததும், “கெணறு பொதுவுல இருக்கட்டுங்ணா” என்று அப்பா முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தன. பத்திரம் பதிவாயிற்று. தோக்கு யாருக்கு என்று கேட்டபோது இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

கரிமருந்து ஒருமுறை ஊறிவிட்டால் வெறும் சேறு என்று, நான் வேலைக்குச் சேர்ந்து ஆயுத உரிமக் கோப்புகளைப் புரட்டிய நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். அது செத்து மாதக்கணக்கான பிறகும் நாங்கள் அதற்குப் பயந்து நடந்திருக்கிறோம். பெரியம்மா பயந்தது தோக்குக்கல்ல, கேப்பு டப்பியோடு உள்ளே போனவருக்கு. எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டில் ஒரு குழந்தை பயப்படுவதை நிறுத்தினால் பெரியவர்கள் ஏன் என்று கேட்பார்கள்.

பதில் வந்தபோது வாசலில் விளக்கு வைக்கத் திரி திரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா படித்தார். கெட்டித்த துப்பாக்கியைக் காலி செய்யக் கோயம்புத்தூர் கொண்டுபோகலாம், ஆனால் காலி செய்த நிலையில் மட்டுமே கொண்டுபோக வேண்டும் என்று இருந்தது. பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். வீடே அதிரும் சிரிப்பு. நான் காதைப் பொத்திக்கொண்டு ஓடப்பார்த்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இனிமே சத்தம் போடலாம் அம்மிணி. ஒண்ணும் ஆகாது.”

அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. முத்திரை குத்திய அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். வெடிக்க வேண்டாம் என்று கலெக்டரே எழுதி அனுப்பிவிட்டார் என்று நம்பினேன். அன்று கார்த்திகை தீபம்.