கரடியூரில் பெண் பார்க்க வந்த அன்று ஒரு பச்சை விரியன்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குச் சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறினேன். தூரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. மொத்தம் இருபது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. வயிறு புரட்டுகிறவர்களுக்கு இன்னும் எத்தனை பாக்கி என்று தெரிந்துகொள்ள அது உதவுகிறது.

காப்பித் தோட்டங்களுக்கு நடுவே குடியிருப்பவர்கள் பாம்புகளோடு எப்படிப் பத்திரமாகக் காலம் தள்ளுகிறார்கள் என்று பார்த்து எழுதப் போகிறேன் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன். மடியில் உரமூட்டை வைத்திருந்தவர்.

"காசு குடுத்து ரூம் எடுத்துப் பாம்பு பாக்கப் போறீங்களா?" என்றார். "எங்கூட்டுக்கு வாங்க. சும்மாவே காட்டறேன்."

அறைக்கு முன்பணம் கட்டிவிட்டதால் அந்த அழைப்பை ஏற்க முடியவில்லை.

ஏற்காட்டிலிருந்து கரடியூருக்கு ஆட்டோ முந்நூற்று ஐம்பது ரூபாய். நான் தங்கிய இடம் தங்கவேல் என்பவருடைய வீடு. நாலு ஏக்கர் காப்பி, அதில் கொடி விட்ட மிளகு, வீட்டை ஒட்டி விருந்தினருக்கு இரண்டு அறைகள். சாப்பாட்டோடு நாளொன்றுக்கு ஆயிரத்து எண்ணூறு. வாசல் கம்பியில் ஒரு பலகை தொங்கியது: 'பாம்பு உண்டு. இருட்டினால் டார்ச் இல்லாமல் வெளியே வராதீர்கள்.' முகப்பில் முழங்கால் உயர ரப்பர் கம்பூட்ஸ் அடுக்கிய மர அலமாரி. ஆணியில் ஒரு நீளக் கம்பும் இரண்டு டார்ச்சும். ஊட்டச்சத்துப் பானத்துக்கு விளம்பரம் செய்வதுபோலப் பாம்புக்கு விளம்பரம் செய்திருக்கிறார் என்று தோன்றியது.

சனிக்கிழமை முழுக்கத் தங்கவேலோடு தோட்டத்தில் நடந்தேன். ஐம்பத்தைந்து வயது, ஒல்லி, பேச்சில் கண்டிப்பு. கம்பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டாமல் காலை விட விடமாட்டார். கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே முன்னால் போனார்.

"பாம்புக்கு நம்மளக் கடிக்கோணும்னு வேண்டுதலா சார்? நாம வர்றது தெரிஞ்சா அதுபாட்டுக்குப் போயிரும். போவாதது ஒண்ணே ஒண்ணு, பச்சை விரியன். எலை மாதிரி உக்காந்திருக்கும். நீங்க வர்றீங்கன்னா உங்களுக்கு வழி விடாது. நாமதான் ஒதுங்கோணும்."

மூங்கில் விரியன் என்றும் அதைச் சொல்வார்கள். பகலில் செடியில் சுருண்டு அசையாமல் கிடக்கும். அதனால் காப்பிக் கிளையை வளைக்கும் முன்பு கண்ணால் பார்த்து, பிறகுதான் கையை நீட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைக்கவே கூடாது. தொட்டியோ கல்லோ விறகோ, எடுப்பதற்கு முன்பு கம்பால் ஒரு தட்டு. கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாமல் நேராக ஆஸ்பத்திரி. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "எம்பொண்ணு சேலத்துல நர்ஸுங்க. அவ சொன்னதுதான்" என்றார்.

பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததும் கண்டிப்பு கரைந்தது.

"ஏனுங்க சார், ஒரு ஒத்தாசை பண்ணோணும். நாளைக்குக் கவிதாவப் பாக்க வாழப்பாடியில இருந்து வர்றாங்க. நீங்க பாம்புங்கற பேச்சே எடுக்கக் கூடாது."

காரணம் இருந்தது. இதற்கு முன்பு வந்த மாப்பிள்ளை வீட்டார், கழிப்பறைப் பக்கம் ஒரு சாரைப்பாம்பைப் பார்த்துவிட்டார்கள். சாரைக்கு விஷம் கிடையாது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைத் தட்டோடு வைத்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்கு முன்பு வந்தவர்கள் வாசல் பலகையைப் படித்துவிட்டு உள்ளேயே வரவில்லை. கவிதாவுக்கு வயது இருபத்தெட்டு. வாழப்பாடிக்காரர்கள் போட்டோ பார்த்து, ஜாதகம் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது வீடு பார்ப்பது மட்டும்தான்.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா, பாம்பூட்டுப் பொண்ணுன்னே பேரு வெச்சிருவாங்க சார்" என்றார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் வெளியே வந்தபோது பாம்பு சம்பந்தப்பட்ட சகலமும் மறைந்திருந்தது. பலகையைக் காணோம். கம்பும் டார்ச்சும் கட்டிலுக்கடியில். அலமாரியை நகர்த்த முடியாததால், அதை மறைத்து ஆள் உயரத்துக்குப் பெரணிச் செடி ஒன்று தொட்டியோடு நின்றது. விடிவதற்கு முன்பே கொல்லைப்புறக் காப்பி நிழலிலிருந்து தங்கவேல் அதைத் தூக்கி வந்ததாக அவர் மனைவி சரஸ்வதி சொன்னார். முகப்பு அழகாகத்தான் இருந்தது. பாதுகாப்பாக இருந்ததா என்பதை யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

பத்தே முக்காலுக்குக் கார் வந்தது. மாப்பிள்ளை பிரபு, கூட்டுறவு வங்கி ஒன்றில் காசாளர். அவருடைய அம்மா. அப்புறம் பெரியப்பா. பிரபுவுக்கு அப்பா இல்லை. ஆகவே பேச்சுவார்த்தை முழுவதும் பெரியப்பாவின் பொறுப்பு. மூன்று லாரி வைத்திருப்பவர். மீசையைப் பார்த்தால் நாலு என்று சொல்லலாம். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறக்கிறது, அதற்குள் வெற்றிலை மாற்றிவிட வேண்டும் என்று காரிலிருந்து இறங்கும்போதே அறிவித்தார்.

முகப்பிலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். பெரியப்பா பெரணித் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியைத் தேர்ந்தெடுத்தார். நான் எதிர்ச்சுவர் ஓரம், 'மெட்ராஸ்ல இருந்து வந்த கெஸ்ட்டு' என்ற தகுதியில்.

"மலைன்னா பாம்பு இருக்குமே?" என்றார் பெரியப்பா, உட்கார்ந்த உடனே.

"இங்கயாங்க?" என்றார் தங்கவேல். "கொசுகூடக் கெடையாதுங்க."

"இருந்தா என்ன? நானெல்லாம் வால் புடிச்சு நாலு சுத்துச் சுத்தி எறிஞ்சிருக்கேன். பயந்தாதான் கடிக்கும்." சொல்லிக்கொண்டே இடது கையைத் தொட்டியின் விளிம்பில் போட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். பெரணியின் நடுத்தண்டில் ஓர் இலை மற்ற இலைகளைவிடத் தடிப்பாக இருந்தது. அதற்கு ஒரு கண் இருந்தது. பெரியப்பாவின் முழங்கைக்கும் அதற்கும் ஒன்றரை அடி.

பேச்சே எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பேச்சு எடுக்காமல் ஆளை நகர்த்தப் பார்த்தேன்.

"ஐயா, அங்க வெயில் படும். இப்படி வாங்க."

வெளியே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாதபடி மூடுபனி. பெரியப்பா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மெட்ராஸ்ல இதுக்குப் பேரு வெயிலுங்களா?" என்றார். நகரவில்லை.

நான் தங்கவேலுக்குக் கண்ணால் காட்டினேன். அவர் தொட்டியைப் பார்த்தார். பாம்பையும் பார்த்துவிட்டார். அடுத்த கணம், நேற்று முழுக்க எனக்குச் சொல்லித்தந்த அத்தனையையும் மறந்துவிட்டு, சிரித்த முகத்தோடு, "இந்தச் செடி எடஞ்சலா இருக்குதுங்க" என்றபடி இரண்டு கையையும் நீட்டித் தொட்டியைத் தூக்கப் போனார்.

"பாம்பு!"

கத்தியது மாப்பிள்ளை. சாதாரணக் கத்தல் அல்ல. கொல்லையில் கோழிகள் பதறி எழுந்தன. ஒரு கையால் அம்மாவின் முழங்கையையும் மறு கையால் பெரியப்பாவின் சட்டைக் காலரையும் பிடித்து இழுத்துக்கொண்டு, நாற்காலி உருள, பின்பக்கமாகவே நடந்து முற்றத்துக்குப் போய்விட்டார். அங்கே நின்று இன்னொரு முறை கத்தினார்.

"தொடாதீங்க மாமா! கைய எடுங்க!"

தங்கவேல் கையை எடுத்தார். மாமா என்ற சொல் அதற்குள் முற்றத்தில் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. வெற்றிலை மாற்ற இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்ற கவிதாவின் காதிலும் அது விழுந்ததை அவர் முகம் சொன்னது.

பெரியப்பா மீசையைச் சரிசெய்துகொண்டார். "டேய், இது வெறும் பச்சப்பாம்புடா. கண்ணத்தான் கொத்தும், விஷங் கெடையாது. தம்பி, ஒரு குச்சி இருந்தாக் குடுங்க." கேட்டது என்னிடம்.

"எதுவா வேணா இருக்கட்டும் பெரியப்பா. கிட்டப் போவாதீங்க" என்றார் பிரபு. கை இன்னும் காலரை விடவில்லை.

கவிதா தட்டை உள்ளே வைத்துவிட்டுப் பின்கட்டு வழியாகச் சுற்றி முற்றத்துக்கு வந்தார். பட்டுப்புடவை, தலையில் மல்லிகை. நின்ற இடத்திலிருந்தே பார்த்தார்.

"பச்சப்பாம்புன்னா ஒல்லியா, மூஞ்சி கூரா இருக்குமுங்க. இதுக்குத் தல முக்கோணம். விரியன். ஆஸ்பத்திரியில இருக்கற விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டு விரியன் மாதிரி நாலு பாம்புக்குத்தானுங்க. இது அந்த நாலுல இல்ல. பெரும்பாலும் உசுருக்கு ஆபத்து வராது. ஆனா கை தலகாணி மாதிரி வீங்கிரும்."

பெரியப்பா தம் கையைப் பார்த்துக்கொண்டார். குச்சியைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னோம். அவர்கள் வரும்வரை எல்லோரும் முற்றத்திலேயே நின்றோம். பாம்பின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும், எங்கே போனது என்று பிறகு தேடக் கூடாது என்று கவிதா அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். பாம்பு எந்தத் தொந்தரவும் தரவில்லை. இந்தச் சம்பந்தத்தில் அந்தப் பக்கமும் சேராமல் இந்தப் பக்கமும் சேராமல் இருந்தது அது ஒன்றுதான்.

தங்கவேல் என்னருகே வந்து தணிந்த குரலில், "அந்தத் தொட்டிய நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு வந்தேன் சார். பிள்ளையத் தூக்கற மாதிரி" என்றார். பிறகு, "எல்லாம் போச்சு" என்றார்.

ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பக்கமும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். காருக்கு அருகில் பிரபுவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏஞ்சாமி, அத்தன சத்தமாவா கத்துவ?" என்றார். பெரியப்பா ஒளிவு மறைவின்றிச் சொன்னார்: "பொண்ணு பாக்க வந்த எடத்துல பொம்பளப் புள்ள மாதிரிக் கத்தறான். இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

பிரபு தலை நிமிரவில்லை. "எனக்கு நொம்பப் பயமுங்க" என்றார், யாரையும் பார்க்காமல். "சின்ன வயசுல இருந்தே."

பதினொன்றரைக்குத் தீயணைப்பு வீரர்கள் இருவர் வந்தார்கள். நீளமான கவைக்கோலால் விரியனை எடுத்து ஒரு சாக்குக்குள் விட்டு முடிச்சுப் போட்டார்கள். வேலை மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது. "எத்தன பேரு தொட்டீங்க?" என்று ஒருவர் கேட்டார். யாரும் தொடவில்லை என்றதும், "பரவால்லீங்களே" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

எமகண்டத்துக்கு இன்னும் கால் மணி நேரம். பெரியப்பா தொண்டையைச் செருமினார். "அப்ப... நாங்க ஊட்டுக்குப் போயிட்டுத் தகவல் சொல்றோமுங்க." அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"நான் ஒண்ணு சொல்லலாங்களா?" என்றார் கவிதா. "எங்க வார்டுல பாம்புக் கடிக்கு வர்றவங்களத் தெனமும் பாக்கறேன். இருட்டுல மிதிச்சவங்க பாதி. மிச்சம், வாலப் புடிச்சவங்க, குச்சி எடுத்தவங்க, செல்போன்ல படம் புடிச்சவங்க. பாம்பக் கண்டு கத்திட்டுப் பின்னால ஓடுனவங்க ஒருத்தரும் வந்ததில்லீங்க." பிரபுவைக் கைகாட்டினார். "இவரு ஓடறப்பக்கூட ரெண்டு பேர இழுத்துட்டுப் போயிட்டாருங்க. எங்கப்பாவையும் தொட விடல. எனக்குச் சம்மதமுங்க."

பிரபு அப்போதுதான் நிமிர்ந்தார். சரஸ்வதி வெற்றிலைத் தட்டை எடுக்க உள்ளே ஓடினார். முகப்பில் கால்வைக்க யாரும் முன்வராததால், மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருக்கும்போது கார் பானட்டின் மேல் தட்டை வைத்து மாற்றிக்கொண்டார்கள். ஆறிப்போன பஜ்ஜியை நின்றபடியே சாப்பிட்டோம். பிரபுவின் அம்மா மூன்று சாப்பிட்டார். தங்கவேல் கட்டிலுக்கடியிலிருந்து கம்பை எடுத்துவந்து, பாம்பு போன பெரணித் தொட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். அன்று விடிந்ததிலிருந்து அவர் எனக்குச் சொன்ன முறைப்படி செய்த முதல் காரியம் அது.

குப்பனூர் வழியாக வாழப்பாடி திரும்பும் அந்தக் காரில் எனக்கும் இடம் கொடுத்தார்கள். பிரபு ஓட்டுநர் இருக்கையில் ஏறும்போது கவிதா கதவருகே வந்து, "அடுத்த வாட்டி வர்றப்ப பூட்ஸ் போட்டுட்டு வாங்க" என்றார்.

"வாங்கிட்டுத்தான் வருவேனுங்க" என்றார் பிரபு.

ஓடத் தெரிந்தவனைத் தேர்ந்தெடுப்பது சென்னையில் எங்கள் குடும்பங்களில் வழக்கமில்லை. நின்று சண்டை போடுகிறவனைத் தேடுகிறோம். கல்யாணத்துக்குப் பிறகு அவன் போடும் சண்டையைப் பற்றிப் புகார் சொல்கிறோம்.

கார் கிளம்பவில்லை. பெரியப்பா இன்னும் ஏறாமல் குனிந்து, செல்போன் வெளிச்சத்தை இருக்கைக்கு அடியில் ஒவ்வொரு மூலையாக அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியப்பா தேடறீங்க?" என்றார் பிரபு.

"செருப்புடா" என்றார் அவர், நிமிராமலே. செருப்பு இரண்டும் அவர் காலில் இருந்தன.