ஹல்பெரா வெட்டிய ஸ்வெட்டர்

அக்டோபர் 3, 1974: கம்பளி நூல், நான்கு கண்டு – 420 குரோனா.
நவம்பர் 11: ரேக்யவிக்குக்கு விமானச் சீட்டு – 5,200.
டிசம்பர் 9: கொம்புப் பொத்தான், ஆறு – 150.

இவை ஹல்பெராவின் செலவு நோட்டில் உள்ள வரிகள். அவள் பொத்தான் வாங்கியதுதான் ஊருக்கு அதிசயம். ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில், தின்கேரி மீன் ஆலையில் முள்ளெடுக்கும் ஹல்பெரா பின்னுகிற ஸ்வெட்டரில் தையலும் இராது, பொத்தானும் இராது. வட்ட ஊசியில் இடுப்பிலிருந்து குழாயாகப் பின்னி ஏற்றுவாள். கைகளைத் தனியே பின்னி அக்குளில் சேர்ப்பாள். பிறகு கழுத்துவரை ஒரே சுற்று. முன்பக்கத்தை வெட்டிப் பொத்தான் வைப்பவர்களைப் பார்த்தால் அவளுக்கு இளக்காரம்.

அந்தக் குளிர்காலத்தில் தங்கை தோர்டிஸின் ஒரு வயது மகன் கோல்பைனுக்குத் தலைநகர் ரேக்யவிக்கில் அறுவை நடந்தது; அந்த விமானச் சீட்டு அதற்குத்தான். மண்டை எலும்பு காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொண்டிருந்தது. தலை முழுக்கக் கட்டோடு ஊர் வந்து சேர்ந்தான். எதையும் தலைவழியே மாட்டக் கூடாது, எலும்பு சரியாக வளராவிட்டால் வசந்தத்தில் மறுபடி அறுவை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஹல்பெரா அவனுக்காகப் பின்னி முடித்திருந்ததோ தலைவழி மாட்டுகிற ஸ்வெட்டர்.

"போர்வையச் சுத்திவிட்டாப் போதும்க்கா," என்றாள் தோர்டிஸ்.

"வெளிய தள்ளுவண்டியில தூங்குற புள்ளடி. ரெண்டு உதை விட்டான்னா போர்வை எங்க கெடக்கும்?" குளிரிலும் குழந்தைகளை வெளிக்காற்றில் தள்ளுவண்டியில் தூங்கவைப்பது அங்கே வழக்கம்.

நூல் அவிழாமலிருக்க ஸ்வெட்டரின் முன்பக்க நடுவில் இரண்டு வரிசை இயந்திரத் தையல் ஓட்டிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள். கழுத்தோரம் வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"நாள் முழுக்க மீன அறுக்குற கை, நூலறுக்கத் தயங்குதே!" என்று சிரித்தான் தங்கையின் கணவன் ஹாவர்டு.

"மீன நான் பின்னலையே. வாய மூடிக்கிட்டுக் காப்பியக் குடிய்யா."

இரண்டு தையலுக்கும் நடுவே கழுத்திலிருந்து இடுப்புவரை வெட்டினாள். இரு ஓரங்களையும் இழுத்துப் பார்த்தாள். ஒரு கண்ணிகூட அவிழவில்லை. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்து, ஹாவர்டின் காப்பியை எடுத்துத் தானே குடித்துவிட்டாள். ஆறு பொத்தானும் தைத்தபின், கோட்டு போடுவதுபோல் கோல்பைனுக்கு மாட்டியாயிற்று; தலைக்கட்டில் விரல்கூடப் படவில்லை.

அப்புறம் காத்திருப்பு. மார்ச்சில் மருத்துவர் தலையை எக்ஸ்-ரே படம் எடுத்து, முடிவைக் கடிதத்தில் சொல்வதாகச் சொன்னார். பனிப்புயலில் தபால் விமானம் இறங்காத நாளெல்லாம் ஹல்பெராவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒருநாள் காலை தோர்டிஸ் கடிதத்தோடு ஆலைக்குள்ளேயே ஓடிவந்தாள். "அக்கா, வேண்டாமாம்! எலும்பு நல்லா வளருதாம். இன்னொரு அறுவை வேண்டாமாம்!"

ஹல்பெரா கத்தியைப் போட்டுவிட்டு, ஈரக் கையுறையோடு அவளைக் கட்டிக்கொண்டாள்.

"விடுக்கா, முதுகெல்லாம் மீனு!"

விடவில்லை. அந்தக் கடிதம் வந்த தேதியும் செலவு நோட்டில் இருக்கிறது: ஏப்ரல் 22, 1975.