வேட்டியில் விழுந்த வேப்பம்பூ

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் தோட்டத்து வேம்பு பூத்துக் கொட்டும். வருஷப் பிறப்புப் பச்சடிக்காக மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைப்பேன். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைகளுக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. காலையில் பார்த்தால் வேட்டியில் பூவோடு கரித்தூளும் விழுந்திருக்கும்.

பக்கத்து வீட்டுச் செல்வம் அப்படியொரு ஆலையில் சூப்பர்வைசர். அவனிடம் கேட்டேன்.

"இன்னாக்கா நீ, வெறும் தூசு. கழுவினா பூடும். இதுக்குப் போய் பேஜார் ஆயிக்கினு" என்று சிரித்தான்.

தெருக்காரர்கள் புகார் கொடுக்கக் கிளம்பியபோது, "செல்வமே சொல்றான், ஒண்ணும் ஆவாது" என்று வீடு வீடாகப் போய்த் தடுத்தவள் நான்தான்.

போன வருஷப் பிறப்பன்று, வழக்கம்போல அவன் வீட்டுக்கும் பச்சடி கொண்டுபோய்க் கொடுத்தேன். பாத்திரத்தை வாங்க மறந்து, எங்கள் வாசல்வரை வந்தவள் திரும்பிப் போனேன். அவன் மனைவி பச்சடியைச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது.

"தப்பா நெனச்சிக்காதக்கா. இங்க பூக்குறது காய்க்கிறது எதையும் துன்னக் கூடாதுன்னு அவரு சொல்லிக்கீறாரு."

"எப்பத்துலேர்ந்து?"

"அந்தக் கம்பெனில சேந்ததுலேர்ந்தே."

நான் வீட்டுக்கு வந்தபோது என் மகள் பச்சடிக் கிண்ணத்தை விரலால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தப் பங்குனியிலும் வேம்பு பூத்திருக்கிறது. நான் வேட்டி விரிக்கவில்லை. செல்வம் இன்னமும் சிரித்துத்தான் பேசுகிறான். அவனை என்ன சொல்வது? அவன் என்னிடம் மட்டும்தான் சொன்னான். தெரு முழுக்கச் சொன்னவள் நான்.