அக்காவிடம் யாரும் கேட்கவில்லை

அக்கா அரசுத் துறை ஒன்றில் கூடுதல் இயக்குநராக இருந்தாள். இயக்குநர் ஓய்வு பெற்றதும் அந்த வேலையையும் அவளிடமே கொடுத்தார்கள். அறை வாசல் பலகையில் ‘இயக்குநர்’ என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பொறுப்பு’ என்று எழுதியிருந்தது. இரண்டு சம்பா அறுப்பு முடிந்தும் நிரந்தர ஆணை வரவில்லை. பாபநாசத்துக்குப் பக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து எங்களை வளர்த்த அம்மாவுக்கு அந்தப் பலகையின் போட்டோவைக் காட்டிப் படித்துச் சொன்னேன்.

“பொறுப்பானவள்னுதானே போட்டிருக்கு. நல்லதுதான்” என்றாள். நாங்கள் திருத்தவில்லை.

பொங்கலுக்கு அக்கா ஊருக்கு வந்திருந்தபோது, அமெரிக்காவில் நிர்வாகம் படிக்கும் அவள் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். அந்நாட்டு அதிபர் ஒரு துறைக்குத் தலைவராக முன்மொழிந்த பெண்ணை செனட் உறுப்பினர்கள் வரிசையாக உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் சிவந்து போயிருந்தது.

“பாவம், என்ன தப்பு பண்ணிச்சு?” என்றாள் அம்மா.

“தப்பு பண்ணலம்மா. வேலை கொடுக்குறதுக்கு முன்னாடி விசாரிக்கிறாங்க” என்றாள் அக்கா. வீடியோ முடியும்வரை போனை என்னிடம் தரவில்லை.

பிறகு மகள் போனில் பேசினாள். இங்கிலாந்தில் சில பதவிகளுக்கு எம்.பி.க்கள் குழு கூப்பிட்டுக் கேட்குமாம். ஆனால் அவர்கள் வேண்டாம் என்றாலும் அமைச்சர் நியமித்துக்கொள்ளலாமாம். அமெரிக்காவில் செனட் ஓட்டுப் போட்டால்தான் பதவி.

“நம்ம ஊர்ல எப்படிக்கா?” என்று கேட்டேன்.

“ஃபைல் மேல போகும். கையெழுத்தாகிக் கீழ வரும். நடுவுல என்ன பேசிக்கிறாங்கன்னு நமக்குத் தெரியாது.”

சித்திரையில் ஆணை வந்தது, வேறொருவருக்கு. அவர் அக்காவைவிட இளையவர். அம்மாவின் கண் சிகிச்சைக்காக நாங்கள் சென்னையில் அக்கா வீட்டில் இருந்தோம். புதியவருக்கு அவளே பூங்கொத்துக் கொடுத்துப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வீடு திரும்பினாள்.

“காரணம் கேட்டியாக்கா?”

“கேட்டேன். ‘மேலிடத்து முடிவும்மா’ன்னாங்க.”

நாங்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்பதுதான் காரணமோ என்று எனக்குத் தோன்றியது. சொல்லவும் சொன்னேன்.

“அப்படின்னா அதையாவது என் முகத்துக்கு நேரா சொல்லட்டும்” என்றாள். கைப்பையைக் கழற்றி வைத்துவிட்டு, “அந்த வீடியோவுல வந்த பொண்ண அவ்வளவு நேரம் கேட்டாங்க. எங்கிட்ட ஒரு கேள்விகூட கேக்கலடா” என்றாள்.

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?”

அவள் பேச ஆரம்பித்தாள். துறையில் எது ஓடவில்லை, எதை மாற்றியிருப்பாள், எந்த மாவட்டத்தில் முதலில் தொடங்கியிருப்பாள் என்று நிதானமாக, எதிரே ஒரு குழு உட்கார்ந்திருப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனாள். பாதி எனக்குப் புரியவில்லை. குறுக்கே எதுவும் கேட்கவும் தோன்றவில்லை. கடிகாரத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, அம்மாவுக்குக் கண் மருந்து போட எழுந்து போனாள்.

அக்கா கூடுதல் இயக்குநராகவே ஓய்வு பெற்றாள். அம்மாவிடம் நாங்கள் எதையும் சொல்லவில்லை. அவள் சாகும்வரை, மகள் டைரக்டர் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்றும் ஊரில் “டைரக்டரம்மா எப்ப வர்றாங்க?” என்று கேட்கிறார்கள். அவளுக்கு வேலை இருக்கிறது என்கிறேன். அம்மாவின் காரியத்துக்குப் பிறகு அக்கா இந்தப் பக்கம் வரவே இல்லை.